மூணாவது மாடி ஜன்னல்

வாணி: நீ போய் சொல்லுண்ணா. நான் சொன்னா கேக்க மாட்டாரு.

சந்திரன்: மெதுவா பேசு வாணி. சலூன் கண்ணாடில நம்மளத்தான் பாத்துக்கினு கீறாரு.

வாணி: மூஞ்சி பூரா சோப்பு. அதுல எங்கேர்ந்து பாக்கறது...

சந்திரன்: அப்பா கண்ணுல சோப்பு போடல இல்ல?

வாணி: பஸ்ஸு எத்தன மணிக்கு?

சந்திரன்: ஏழே கால். இன்னும் அர மணி நேரம் கீது. டீ குடிக்கிறியா?

வாணி: வாணாம். இப்போ எதுவும் எறங்காது.

சந்திரன்: அதான் வெறும் வயித்துல கெளம்பாதன்னு உங்க அண்ணி சொன்னா...

வாணி: அண்ணி பேச்ச எடுக்காத. எல்லாம் அவங்களாலதான். அப்பா கிட்ட வைவா பத்தி மூச்சு வுடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?

சந்திரன்: கல்பனா வாய் உனக்கு தெரியாததா? சாமைய பொடைச்சிக்கினே சொல்லிட்டா. "மாமா, நாளைக்கு வாணிய பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கேள்வி கேப்பாங்களாம், பதில் சொல்லிட்டா டாக்டர் பட்டமாம், யார் வேணா போய் உக்காந்து பாக்கலாமாம்." அவ்ளோதான். மனுசன் பொட்டிய தொறந்துட்டாரு.

வாணி: அவரு போட்டுக்கினு கீறது உன் கல்யாணத்துக்கு எடுத்த சட்ட.

சந்திரன்: மேல் பட்டன் போட முடில. இருந்தாலும் விடியறதுக்குள்ள குளிச்சிட்டு என் ஜீப்புல ஏறி உக்காந்துக்கினாரு. சாவியே எங்கிட்டதான் கீது, அவரு முன்னாடி போய் உக்காந்துக்கீறாரு.

வாணி: நெல்லிவாசல்நாட்டுலேர்ந்து ஜமுனாமரத்தூர் வரைக்கும் பாத்தவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினே வந்தாரு. அந்த சின்னதம்பி மாமா கால நீட்டி, முட்டி வலிக்குதும்மா, இன்னா மாத்திர போடட்டும்னு என்ன கேக்கறாரு.

சந்திரன்: நீ இன்னா சொன்னே?

வாணி: தைலம் தடவுங்கன்னேன்.

சந்திரன்: அப்போ டாக்டருதான்.

வாணி: சிரிக்காதண்ணா.

சந்திரன்: சரி சரி... ஏன், அவரு வந்தா உனக்கு இன்னா? ஒரு மூலைல உக்காந்து பாத்துட்டு வருவாரு.

வாணி: அவரு வரக்கூடாது. அவ்ளோதான்.

சந்திரன்: வெக்கமா? படிச்சவங்க முன்னாடி அப்பன காட்ட...

வாணி: சீ! அப்டி சொல்லாத. அந்த ஹால்ல... எடம் கம்மி.

சந்திரன்: எத்தினி சேரு?

வாணி: எண்பது.

சந்திரன்: எத்தினி பேரு வருவாங்க?

வாணி: ஒரு... பதினஞ்சி.

சந்திரன்: ஆமா. எடம் கம்மிதான்.

வாணி: அண்ணா, தயவு செஞ்சி கேளு. எட்டு மணிக்கு சின்னதம்பி மாமா ஜீப்பு திரும்பி ஊருக்கு போவுது. அதுல ஏத்தி அனுப்பிடு. ஏதாச்சும் ஒண்ணு சொல்லு.

சந்திரன்: நான் சும்மா இல்லம்மா. நேத்து சாயந்திரமே சொல்லிப் பாத்துட்டேன். கருப்பு ஆடு இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போடப்போவுது, நீ வூட்ல இரு, நான் தங்கச்சி கூட போய்ட்டு வர்றேன்னு.

வாணி: கருப்பு ஆடு போன மாசமே போட்டுச்சே?

சந்திரன்: அவரும் அத்தத்தான் சொன்னாரு.

வாணி: ...நீ எதுக்குண்ணா அவர தடுக்கணும்?

சந்திரன்: நீதான வாணாம்னே?

வாணி: நான் உங்கிட்ட சொன்னதே இப்போதான். நேத்து சாயந்திரம் நான் வூடு வூடா கையெழுத்துக்கு சுத்திக்கினு இருந்தேன். எனக்கு முன்னாடியே நீ ஏன் தடுத்தே?

சந்திரன்: அது... பஸ்ஸுல வாந்தி எடுப்பாரு. கணவாய்ல அத்தன வளைவு...

வாணி: அவரு என்னிக்கு வாந்தி எடுத்தாரு?

சந்திரன்: வயசாவுது இல்ல... வுடு. அந்த காயித கவுருல இன்னா? நேத்துலேர்ந்து மார்லியே அணைச்சிக்கினு கீறே.

வாணி: கையெழுத்துதான். யார் யார் செஞ்சத பத்தி என் ஆராய்ச்சில எழுதினேனோ, யார் போட்டோ போட்டேனோ, அவங்கல்லாம் சம்மதம்னு போட்டுக் குடுக்கணும். கைடு மேடம் கடைசி நேரத்துல கேட்டுட்டாங்க. அதுக்குத்தான் ரெண்டு நாளா மலை மேல வந்து அலையறேன்.

சந்திரன்: நானும் போட்டேன். என் டேஷ்போர்டுக்கு.

வாணி: ஆமா.

சந்திரன்: மெய்யாலுமே கேக்கறேன்... அந்த ஹால்ல கண்ணாடி போட்டவங்கல்லாம் உக்காந்து என் ஜீப்பு டேஷ்போர்ட பத்தி பேசப்போறாங்களா?

வாணி: பேசுவாங்க. மாசத்துக்கு ஒருவாட்டி மாத்தி மாத்தி வெக்கிறே இல்ல? மயில் எறகு, காட்டுக் காயி, பாட்டில் மூடி, உடைஞ்ச வளையலு...

சந்திரன்: அது சும்மா வெக்கிறது. அதுல இன்னா ஆராய்ச்சி?

வாணி: அந்த "சும்மா"தான் ஆராய்ச்சி. லைப்ரரில அஞ்சி வருஷமா அந்த சும்மாவத்தான் தேடினேன்.

சந்திரன்: கெடச்சுதா?

வாணி: மொத வருஷம் ஒண்ணியும் கெடைக்கல. அவ்ளோ பெரிய லைப்ரரி. கம்ப்யூட்டர்ல "கலை"ன்னு அடிச்சா கோயிலு, செலை, ஓவியம்னு ஆயிரம் புக்கு காட்டும். "அன்றாடம்"னு அடிச்சா சமையலு, ஒடம்பு நோவு, யோகா. ரெண்டையும் சேத்து அடிச்சா ஒண்ணுமே இல்லன்னு காட்டும். நான் பயந்தே போய்ட்டேன். இல்லாத ஒண்ணத் தேடிக்கினு வந்துட்டமோன்னு. தெனம் சாயந்திரம் ஹாஸ்டல்ல போய் அழுவேன்.

சந்திரன்: எங்கிட்ட சொல்லவே இல்லியே.

வாணி: சொன்னா வூட்டுக்கு வந்துடுன்னுவீங்க. அங்க ஜீவானந்தம் சார்னு ஒருத்தரு. புக்கு எடுத்துக் குடுக்கறவரு. அவருதான் சொன்னாரு, "கம்ப்யூட்டர வுடும்மா, அதுக்கு பேரு வெச்சதுதான் தெரியும். மூணாவது மாடில பழைய ஆராய்ச்சி ஏடுங்க கீது, ஒண்ணொண்ணா பொரட்டு"ன்னு. அங்க ஒரு ஜன்னல் ஓரம். அதுலேர்ந்து அதான் என் சேரு. அங்க உக்காந்து படிச்சதுதான் எல்லாம். படைப்புன்றது பெரிய ஆளுங்களுக்கு மட்டும் வர்றது இல்ல, வெறகு அடுக்கறவங்களுக்கும் வரும், பாத்திரம் கழுவறவங்களுக்கும் வரும்னு...

சந்திரன்: நல்லாதான் கீது.

வாணி: பேரு வாணாம், பரிசு வாணாம், யாரும் பாக்கணும்னு கூட இல்ல. தன் கை சும்மா இருக்க முடியாம செய்யறது. யாரும் பாக்கறதுக்காக செய்யாத கலை. அதான் என் ஆராய்ச்சிக்கு அச்சாணி. முந்நூத்தி நாப்பது பக்கமும் அது மேலதான் நிக்குது.

சந்திரன்: யாரும் பாக்கறதுக்காக இல்லியா? நான் பாசெஞ்சருங்க பாக்கட்டும்னுதான வெக்கிறேன்.

வாணி: அண்ணா! பேட்டி எடுக்கும்போது நீ அப்டி சொல்லவே இல்ல!

சந்திரன்: நீ கேக்கவே இல்லியே. "சும்மாதான வெக்கிறே"ன்னே. ஆமான்னேன்.

வாணி: ஐயோ... இத்த மட்டும் யார் கிட்டயும் சொல்லிடாத.

சந்திரன்: நான் எங்க சொல்லப்போறேன். காட்டு அந்த கவுர... ஒண்ணு, ரெண்டு... கண்ணாயிரம் தாத்தா ரேக வெச்சிக்கீறாரு... பத்து. மொத்தம் எத்தினி?

வாணி: பதினொண்ணு.

சந்திரன்: இதுல கையெழுத்து காணோமே. பேரும் காணோம். "ஒரு தூய்மைப் பணியாளர்"... யாரு இது? நம்ம ஊர்ல அப்டி யாரு?

வாணி: குடு இங்க.

சந்திரன்: யாருன்னு கேக்கறேன்.

வாணி: ஊர்ல இல்ல. கீழ. லைப்ரரில கூட்டறவங்க.

சந்திரன்: லைப்ரரிலியா?

வாணி: இன்னாண்ணா?

சந்திரன்: ஒண்ணியும் இல்ல. அவங்க... ஏன் போடல?

வாணி: போட மாட்டேன்னுட்டாங்க. பேரு வெளிய வரக்கூடாதாம்.

சந்திரன்: அப்போ அத்த எடுத்துட வேண்டிதான.

வாணி: முடியாது. அதான் கடைசி இயலு. அத்த எடுத்தா ஒண்ணுமே நிக்காது. அதுவும் வெளியூர்லேர்ந்து வர்ற ப்ரொபசர் இன்னா எழுதிக்கீறாரு தெரியுமா? வைவா முடிஞ்சதும் அந்த மூணாவது மாடி ஜன்னல நேர்ல பாக்கணுமாம். எல்லாரும் மேல போவாங்க. அப்பா வந்தா அப்பாவும் வருவாரு.

சந்திரன்: வரட்டுமே. ஜன்னல்ல இன்னா கீது? வாணி, சலூன்கார வீரன் ஒரு கன்னம் முடிச்சிட்டாரு. சொல்றதுன்னா இப்பவே சொல்லு.

வாணி: ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. பங்குனி மாசம். காலைல போய் உக்கார்றேன். ஜன்னல் கட்ட மேல தூங்குமூஞ்சி மரத்துக் காயி. லைப்ரரிய சுத்தி அந்த மரம்தான, கீழ கொட்டிக் கெடக்கும். யாரோ பொறுக்கியாந்து வெச்சிக்கீறாங்க. ஒரு இருவது காயி. நுனியும் நுனியும் ஒட்டி, இந்தப் பக்கம் ஒண்ணு சாய்ச்சி, அந்தப் பக்கம் ஒண்ணு சாய்ச்சி, வேப்பல நரம்பாட்டம்... நீ அத்த எங்க பாத்துக்கீறே? சொல்லு.

சந்திரன்: பாறைல... புளி காயப்போடும்போது.

வாணி: ஊரே புளிய குமிச்சி காயவெக்கும். நம்ம வூட்ல மட்டும்தான்...

சந்திரன்: அம்மா அடுக்கும்.

வாணி: ஆமா. எனக்கு படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. அந்த காய தொடவும் பயமா கீது. சாயந்திரம் வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன். ஜீவானந்தம் சார் கிட்ட கேட்டேன், இத்த யாரு வெக்கிறாங்கன்னு. "காலைல ஆறு மணிக்கு கூட்ட வர்றவங்களா இருக்கும், மாடிக்கு போன வருஷம் ஒருத்தங்கள போட்டாங்க"ன்னாரு. அடுத்த நாள் ஆறு மணிக்கு போய் நின்னேன். தொடப்பத்த சாய்ச்சி வெச்சிட்டு மாப்பு போட்டுக்கினு இருந்தாங்க. முதுக பாத்தேன். அவ்ளோதான்.

சந்திரன்: கூப்டியா?

வாணி: அம்மான்னேன். திரும்பவே இல்ல. "ஈரமா கீது, வழுக்கும், அங்கியே நில்லு"ன்னுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சி எங்கிட்ட பேசின மொத வார்த்த. தர காய்ற வரைக்கும் நான் அந்தப் பக்கம், அது இந்தப் பக்கம். அதுக்கப்புறம்தான் கிட்ட வந்துச்சு. அண்ணா, நீ இன்னா ஒண்ணுமே கேக்க மாட்டேன்றே? அம்மா உயிரோட கீது, யுனிவர்சிட்டில கூட்டிக்கினு கீதுன்னு சொல்றேன்... கல்லாட்டம் உக்காந்துக்கீறே.

சந்திரன்: கேட்டுக்கினுதான் கீறேன்.

வாணி: உன் மேல கோவமா கீதா? உங்கிட்ட மறைச்சிட்டேன்னு? நான் இன்னா பண்ணுவேன், அம்மா சத்தியம் வாங்கிக்கிச்சு. "சந்திரனுக்கு தெரியக்கூடாது, அவன் வெகுளி, அப்பன் கிட்ட ஒளறிடுவான்"னு.

சந்திரன்: என்னயா? வெகுளின்னா?

வாணி: அதான் சொன்னுச்சு.

சந்திரன்: எங்கிட்ட உன்ன சொன்னுச்சு.

வாணி: ...இன்னா?

சந்திரன்: "வாணிக்கு தெரியக்கூடாது, அவளுக்கு தெரிஞ்சா படிப்பு கெட்டுடும், அழுது அழுது அப்பனுக்கு காட்டிக் குடுத்துடுவா"ன்னு.

வாணி: அண்ணா... நீ...

சந்திரன்: கத்தாத. பாக்கறாரு.

வாணி: உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?

சந்திரன்: மொதல்லேர்ந்து.

வாணி: மொதல்லேர்ந்துன்னா?

சந்திரன்: நான்தான் கொண்டுபோய் வுட்டேன். நீ அப்போ ஹாஸ்டல்ல இருந்தே. உனக்கு தெரிஞ்சது, அம்மா சண்ட போட்டுக்கினு அமிர்தில பெரியம்மா வூட்டுக்கு போச்சு, அங்கேர்ந்து எங்க போச்சுன்னு தெரில. அதான?

வாணி: ஊர்ல எல்லாருக்கும் நீ அப்டித்தான சொன்னே?

சந்திரன்: நான் சொன்னதுதான். நடந்தது வேற. அந்த மாசி மாசம் புளி நெறைய காய்ச்சுது. அம்மா பாறைல காலைலேர்ந்து அடுக்குது. வெயில் ஏறிப்போச்சு. அப்பா கொல்லைலேர்ந்து வந்தாரு. சோறு ஆவல. "வேல செய்யச் சொன்னா வெளையாடிக்கினா கீறே"ன்னு காலால ஒரே எத்து. அம்புட்டும் பாறைலேர்ந்து கீழ போச்சு. அப்புறம் கையும் நீட்டினாரு.

வாணி: கை நீட்டறது புதுசா...

சந்திரன்: புதுசு இல்ல. அத்தனி வருஷம் அடிக்கு அழும், சாயந்திரம் அடுப்பு பத்தவெக்கும். அன்னிக்கு அழவே இல்ல. கீழ எறங்கிப்போய் ஒண்ணொண்ணா பொறுக்கிக் கூடைல போட்டுச்சு. அடுக்கல. சும்மா போட்டுச்சு. அத்த பாத்ததும் எனக்கு தெரிஞ்சிபோச்சு... இன்னாவோ முடிஞ்சிபோச்சுன்னு.

வாணி: நீ அவர ஒண்ணும் கேக்கலியா?

சந்திரன்: கேக்கல. அதான் இன்னிக்கு வரைக்கும் என்ன அரிக்குது. மறுநாள் காலைல ஜீப்ப எடுத்துக்கினு வர்றேன். ரெண்டாவது வளைவுல நின்னுக்கினு கீது. கைல ஒரு பையி. "கீழ வரைக்கும் வுட்டுடுப்பா"ன்னுச்சு. எங்கன்னு நான் கேக்கல. ஏன்னும் கேக்கல. ஏத்திக்கினேன். அப்போ ஜீப்பு பிரேக்கு நல்லா இருந்துச்சு.

வாணி: அமிர்தில வுட்டியா?

சந்திரன்: அமிர்தில நிறுத்தினேன். எறங்கல. "வாணி படிக்கிற எடம் எங்க கீது?"ன்னுச்சு. அழாத. தொடைச்சிக்கோ. பஸ் ஸ்டாண்டுல எல்லாம் நம்மூரு ஆளுங்க.

வாணி: எனக்காகவா அங்க போச்சு?

சந்திரன்: பின்ன? ஒரு வருஷம் ஹாஸ்டல் மெஸ்ஸுல காய் நறுக்கிச்சு. உன் ஹாஸ்டல் இல்ல, பசங்க ஹாஸ்டல்ல. நீ பாத்துடக்கூடாதுன்னு. அப்புறம் லைப்ரரில கூட்டற வேலைக்கு ஆளு எடுக்கறாங்கன்னு சேந்துச்சு. நான் மாசம் ஒருவாட்டி கீழ போறேன் இல்ல, ஜீப்புக்கு சாமான் வாங்கன்னு...

வாணி: அதுக்குத்தானா! பிரேக்கு சாமான்னு போவே, பிரேக்கு மட்டும் சரியாவவே இல்ல...

சந்திரன்: ஒவ்வொரு வாட்டியும் உன்ன பத்திதான் பேசும். "இன்னிக்கு பச்ச சுடிதாரு போட்டுக்கினு வந்துச்சு, சாப்டாமயே படிக்குது, தலைக்கு எண்ணெ வெக்க மாட்டேன்னுது." உன் சேர தெனம் அதான் தொடைக்கும். எட்டு மாசம். நீ வர்றதுக்கு முன்னாடி வந்து, நீ வர்ற நேரத்துக்கு கீழ எறங்கிடும்.

வாணி: எட்டு மாசமா என் சேர...

சந்திரன்: அப்புறம் ஒரு நாள் எங்கிட்ட சொல்லுச்சு. "என்னால முடிலப்பா. நானா போய் கூப்ட மாட்டேன். அவ மேஜைக்கு பக்கத்துல ஒண்ணு அடுக்கி வெக்கிறேன். அவளா பாத்து கண்டுபுடிச்சா புடிக்கட்டும்"னு.

வாணி: ...இன்னா சொன்னே?

சந்திரன்: கண்டுபுடிச்சிட்டியா இல்லியான்னு அதுக்கப்புறம் அது எங்கிட்ட சொல்லவே இல்ல. நான் கேட்டப்போல்லாம் "அவ புக்குல கீறா, எங்க பாக்கறா"ன்னுச்சு. சரியான ஆளு. உங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினு, எங்கிட்ட பொய் சொல்லிக்கினு...

வாணி: அண்ணா... இரு இரு. அப்போ அந்த காயி... எனக்காக வெச்சதா?

சந்திரன்: உன் ஜன்னல்ல வேற யாருக்கு வெக்கும்?

வாணி: நான் கேட்டேனே. பேட்டி எடுக்கும்போது கேட்டேனே. "இத்த யாரும் பாக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் ஏம்மா செய்யறே?"ன்னு.

சந்திரன்: இன்னா சொன்னுச்சு?

வாணி: சிரிச்சுது. "சும்மாதான்"னுச்சு. நான் அத்த அப்டியே எழுதினேன். நாப்பது பக்கம். "காண்பவர் எவருமின்றிப் படைக்கப்படும் கலை"ன்னு. அதான் அச்சாணின்னு சொன்னேனே... அதுவே பொய்யா போச்சு.

சந்திரன்: பொய்யின்னு ஏன் சொல்றே?

வாணி: பின்ன? இன்னும் அஞ்சி மணி நேரத்துல வைவா. வெளியூரு ப்ரொபசர் அத்தத்தான் கேக்கப்போறாரு. "அந்தப் பெண் யாருக்காக அடுக்கினார்?" எனக்கு பதில் தெரிஞ்சிபோச்சு. தெரிஞ்சப்புறம் எப்டி நான் "யாருக்காகவும் இல்ல"ன்னு சொல்றது? நீ ஏன் இப்போ சொன்னே... நாளைக்கு சொல்லிக்கக்கூடாதா?

சந்திரன்: நீதான தோண்டித் தோண்டிக் கேட்டே.

வாணி: ஐயோ... கடைசி இயல திருப்பிப் படிக்கக்கூட நேரம் இல்ல.

சந்திரன்: ஒருத்தருக்காக செஞ்சா அது கலை இல்லியா?

வாணி: இத்த அவரு கேட்டா நான் தொலைஞ்சேன்.

சந்திரன்: நானே கேக்கறேனே. அவரு கேக்காம இருப்பாரா? உள்ளத சொல்லிடு. தப்பா எழுதிட்டேன், காலைலதான் தெரிஞ்சுதுன்னு.

வாணி: வைவால அப்டில்லாம் சொல்ல முடியாது. சொன்னா... தெரில. சொன்னா இன்னா ஆவும்னு யாருக்கும் தெரில. யாரும் சொன்னதில்ல.

சந்திரன்: அம்மா இன்னிக்கு லீவா?

வாணி: அதான் பெரிய பேஜாரு. லீவு போடுன்னு கால புடிக்காத கொறையா கேட்டேன். மாட்டேன்னுச்சு. "செமினார் ஹால கூட்டறதுக்கு நான் கேட்டு வாங்கிக்கீறேன். கதவாண்ட தொடப்பத்தோட நிப்பேன். தொடப்பம் கைல இருந்தா யாரும் ஏன் நிக்கிறேன்னு கேக்க மாட்டாங்க. நீ பேசறத முழுசா கேப்பேன்"னுச்சு. இப்போ அப்பா அந்த கதவு வழியாதான உள்ள வரணும்?

சந்திரன்: அம்மாடி...

வாணி: புரியுதா? மூஞ்சிக்கு நேரா. அத்தன பேரு முன்னாடி. அது தொடப்பத்த போட்டுட்டு ஓடுமா, அவரு கத்துவாரா, கைய புடிச்சி இழுப்பாரா... நான் மேடைல நின்னுக்கினு இத்த பாப்பேனா, கேள்விக்கு பதில் சொல்வேனா?

சந்திரன்: இப்போல்லாம் அவரு அப்டி இல்ல வாணி. கைய ஓங்கறதே இல்ல. கல்பனா ஒரு நாள் சோத்துல கல்லு போட்டுட்டா, கம்முனு எடுத்து ஓரமா வெச்சிட்டு சாப்ட்டாரு.

வாணி: அது அண்ணிக்கு. அம்மாவ பாத்தா எப்டின்னு உனக்கு தெரியுமா?

சந்திரன்: ...தெரியாது. அதான் நேத்து ஆடு கத சொன்னேன்.

வாணி: அம்மா பேர கூட நாலு வருஷமா வாய்ல எடுக்கல அவரு.

சந்திரன்: எழுந்துட்டாரு. துண்டால மூஞ்ச தொடைக்கிறாரு. இன்னா சொல்லட்டும்? ஜல்தி.

வாணி: எடம் இல்லன்னு சொல்லு. இல்ல... அடையாள அட்ட இல்லாம உள்ள வுட மாட்டாங்கன்னு சொல்லு.

சந்திரன்: ஆதார் அட்டைய சட்ட பாக்கெட்ல வெச்சிக்கினுதான் வந்துக்கீறாரு.

வாணி: அப்போ தேதி மாத்திட்டாங்கன்னு சொல்லு. போன் வந்துச்சுன்னு.

சந்திரன்: தேதி மாத்தினா நாம எதுக்கு பஸ் ஏறுறோம்?

வாணி: ஐயோ அண்ணா... வந்துட்டாரு.

அப்பா: இன்னா ரெண்டு பேரும் குசுகுசுன்னு? வாணி, கண்ணு ஏன் செவந்துக்கீது?

வாணி: தூசிப்பா.

அப்பா: டீ குடிச்சியா?

வாணி: வாணாம்ப்பா.

சந்திரன்: அப்பா, அது இன்னான்னா... இப்போதான் போன் வந்துச்சு. அந்த ஹால்ல ஃபேனு ஓடலியாம். ஒரே புழுக்கமாம். வயசானவங்கள கூட்டியாராதீங்கன்னு...

அப்பா: இங்க ஏதுடா சிக்னலு?

சந்திரன்: ...வந்துச்சு. ஒரு கட்ட.

வாணி: ஆமாம்ப்பா. அதுவும் சாயந்திரம் வரைக்கும் ஆவும். இங்கிலீஷ்ல பேசுவாங்க. உனக்கு ஒண்ணும் புரியாது.

அப்பா: எனக்கு புரியலன்னா இன்னா. நீ பேசறது போதாதா.

வாணி: இல்லப்பா... சொல்றத கேளேன்...

சந்திரன்: பஸ்ஸு வந்துடுச்சி.

அப்பா: எழுதினதெல்லாம் எடுத்துக்கினியா? அந்த கவுரு?

வாணி: எடுத்துக்கினேன்.

அப்பா: சந்திரா, முன்னாடி சீட்டா பாத்து உக்கார வெய்யி. வளைவுல அவளுக்கு தல சுத்தும். சின்னதுலேர்ந்தே அப்டிதான். ஜீப்பு சாவிய குடு.

சந்திரன்: சாவி எதுக்குப்பா உனக்கு?

அப்பா: ஸ்டாண்டுல டிரைவரு யாராவது இருப்பான், அவன் ஓட்டிக்கினு வரட்டும். நீ வர்ற வரைக்கும் வண்டி இங்கியே நிக்குமா? நான் அதுல வூட்டுக்கு போறேன்.

வாணி: நீ... வரலியாப்பா?

அப்பா: பஸ்ஸு ஏத்திவுடத்தான் வந்தேன்.

சந்திரன்: அப்போ இந்த சட்ட... சேவிங்கு...

அப்பா: பொண்ணு பட்டம் வாங்க போறா. தாடியும் அழுக்கு வேட்டியுமா வந்து ஏத்திவுட சொல்றியா?

வாணி: நாங்க சொன்னதுக்காகவாப்பா? கோவமா?

அப்பா: நீங்க இன்னா சொன்னீங்க, ஃபேனு ஓடலன்னீங்க. அதுக்கு யாராவது கோச்சிக்குவாங்களா. ஏறுங்க, டிக்கெட்டு ஆளு விசில் ஊதறான்.

வாணி: அப்பா, எனக்கு சொல்லிட்டு போ. ஏன் வரல?

அப்பா: போன வருஷம் உனக்கு தேன் எடுத்துக்கினு அங்க வந்தேன்ம்மா, உங்கிட்ட சொல்லல, வாசல் கேட்டோட திரும்பிட்டேன்... உங்கம்மா மரத்தடில டிபன் பாக்ஸ தொறந்து வெச்சிக்கினு, கால நீட்டி உக்காந்து, யார் கூடவோ பேசிக்கினே சாப்ட்டுக்கினு இருந்தா. முப்பது வருஷம் நம்ம வூட்ல அவ உக்காந்து சாப்ட்டு நான் பாத்ததே இல்ல, நான் போய் நின்னா அந்த எடத்தையும் வுட்டுட்டு போயிடுவா, நீங்க போய்ட்டு வாங்க.